ஃப்ளை பெட்டியை நிரப்புதல்: பல வடிவங்களா, பல அளவுகளா?

ஓடும் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர் கோலையும் கயிற்றையும் ஒருமுறை நன்றாகத் தேர்ந்துவிட்டால், பல ஆண்டுகளுக்கு அவற்றைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. ஃப்ளைகள் அப்படியல்ல. தூண்டில் முள்ளின் மேல் இறகு, மயிர், நூல், மெல்லிய கம்பி ஆகியவற்றைச் சுற்றிக் கட்டி, ஒரு பூச்சியையோ சிறு மீனையோ நினைவூட்டும்படி செய்யப்படும் இந்தச் சிறு உருக்களில் பெயர் பெற்ற வடிவங்களே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சட்டைப்பையில் அடங்கும் பெட்டியிலோ வரிசைக்கு 12 வீதம் ஆறு வரிசைகளில் 72 இடங்கள் இருந்தால் அதிகம். அந்த 72 இடங்களை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. ஆற்றில் வாழும் ஒவ்வொரு பூச்சிக்கும் அதன் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக ஒரு ஃப்ளை வைத்துக்கொள்வது முதல் வழி. எந்த ஒரு பூச்சியையும் அப்படியே நகலெடுக்காத, ஆனால் பல பூச்சிகளைப் போலத் தோன்றக்கூடிய பத்து வடிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைப் பல அளவுகளிலும் பல எடைகளிலும் வைத்திருப்பது இரண்டாவது வழி. ஒரே ஒரு வடிவத்தைக் கொண்டு காலம் முழுவதும் பிடிப்பது மூன்றாவது வழி.

முதல் வழியின் வேர் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ரெடெரிக் ஹால்ஃபோர்ட், மீன் அப்போது உண்ணும் பூச்சியை நிறத்திலும் அளவிலும் துல்லியமாக ஒத்த ஃப்ளையை நீரின் மேல் மிதக்கவிட்டே பிடிக்க வேண்டும் என்ற முறையை நிலைநாட்டினார். அதே வகை ஆறுகளில் மீன் பிடித்த ஜி.இ.எம். ஸ்க்யூஸ், மேலே எழுவதுபோல் தோன்றும் மீன்களில் பல உண்மையில் பரப்புக்குக் கீழே இளம்பூச்சிகளை உண்கின்றன என்பதைக் கவனித்து, அந்த இளம்பூச்சியைப் போலக் கட்டப்பட்டு மூழ்கும் ஃப்ளையான நிம்ஃபுக்காக வாதாடினார். 1938-இல் லண்டனிலுள்ள தூண்டில்காரர் மன்றம் ஒன்றில் இதற்காகவே ஒரு விவாதம் நடந்தது என்றால், மீன்பிடிப்போர் இந்தக் கேள்வியை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது புரியும். இருவரும் பிடித்த நீர் எப்படிப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அது கண்ணாடிபோல் தெளிந்து, நிதானமாக ஓடும் நீர். அங்கே மீனுக்கு ஃப்ளையை அருகில் வந்து பார்த்து, பிடிக்கவில்லையென்றால் ஒதுங்கிப் போகவும் நேரம் உண்டு. பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் ஆற்றில் அந்த மீனுக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. துல்லியமான நகலுக்கு எல்லா ஆறுகளிலும் ஒரே மதிப்பு இல்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வழியை ஜப்பானிய மலையோடைகளின் டென்காரா முறையில் காண்கிறோம். சுருள்பெட்டி இல்லாத நீண்ட கோல், அதன் நுனியில் கட்டிய கயிறு, கயிற்றின் நுனியில் கெபரி எனப்படும் எளிய ஃப்ளை; இவ்வளவுதான். இறகு முன்னோக்கி வளைந்து நிற்கும்படி கட்டப்பட்ட கெபரியைக் கோலின் நுனியால் மெல்ல அசைத்தால் அந்த இறகு விரிந்து சுருங்கும். அந்த அசைவே மீனை இழுக்கிறது. ஒரே கெபரியை ஆண்டு முழுவதும் பயன்படுத்துகிறவர்கள் அங்கே உண்டு. செங்குத்தான, வேகமான சிற்றோடைக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை என்றே சொல்வேன். ஆழமான மடுவும் அகன்ற ஓட்டமும் உள்ள ஆற்றுக்குப் போனால் அந்த ஒற்றை ஃப்ளை அடிநீரை எட்டாது.

இவற்றுள் எதைத் தேர்வது என்று முடிவெடுக்கும் முன், மீன் எதைப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். நீருக்கும் காற்றுக்கும் இடையே ஒளி வளைவதால், நீருக்குள் இருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு கூம்பின் வழியாக மட்டுமே தெரிகிறது. பரப்பில் அது ஒரு வட்டச் சாளரமாக விழுகிறது; அதன் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல இரண்டேகால் மடங்குக்குச் சற்றே அதிகம். 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரம் சுமார் 68 செ.மீ. அகலம். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு முழுவதும் கண்ணாடி. ஆற்றின் அடித்தளமே அதில் பிரதிபலிக்கும். ஆகவே மேலிருந்து மிதந்து வரும் பூச்சியை மீன் முதலில் பூச்சியாகப் பார்ப்பதில்லை. கால்கள் பரப்பை அழுத்துவதால் அந்தக் கண்ணாடியில் தோன்றும் சிறு ஒளிக்குழிகளாகப் பார்க்கிறது. சாளரத்துக்குள் வந்த பிறகும், வெளிச்சமான வானத்தை எதிர்த்துத் தெரிவதால் அது பெரும்பாலும் ஒரு நிழலுருவமே. இதிலிருந்து என் தேர்வின் வரிசை கிடைக்கிறது: முதலில் மீன் உண்ணும் ஆழம், அடுத்து அளவு, அதன் பின் உருவம், கடைசியில்தான் நிறம். கடையில் ஃப்ளை வாங்கும்போது நம் கண் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறோம்.

அளவைப் பற்றி எனக்கு இவ்வளவு உறுதி வந்தது ஒரு குளிர்காலக் காலையில். என் பெட்டியில் அப்போது முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் இருந்தன. ஒன்றுகூட 16-ஆம் எண்ணுக்குச் சிறியதில்லை. தூண்டில் முள்ளில் எண் கூடக் கூட முள் சிறுக்கும் என்பது தெரிந்ததே. ஆற்றின் ஓரத் தேக்கத்தில் ட்ரவுட் மீன்கள் ஒரே இடத்தில் நின்று, நிமிடத்துக்குப் பலமுறை மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கொசுவைவிடச் சிறிய மிட்ஜ் பூச்சிகளை உறிஞ்சிக்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரத்தில் என்னிடமிருந்த முப்பது வடிவங்களில் பாதியை மாற்றி மாற்றிக் கட்டினேன். ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. 20-ஆம் எண் முள்ளில் கறுப்பு நூலைச் சுற்றிய ஏதேனும் ஒன்று இருந்திருந்தால் அந்தக் காலை வேறாக முடிந்திருக்கும். முப்பது வடிவங்களும் உண்மையில் ஒரே தேர்வின் முப்பது நிறங்களாகவே இருந்தன என்பது அன்றுதான் தெரிந்தது.

எனவே இரண்டாவது வழியே என் பரிந்துரை. இனி ஒவ்வொரு ஆழத்துக்கும் எதைவிட எது மேல் என்று பார்க்கலாம்.

மிதக்கும் ஃப்ளைகளில் முதலில் எதிரெதிரே நிற்பவை ஆடம்ஸும் எல்க் ஹேர் காடிஸும். 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ், சாம்பல் நிற உடலும், பழுப்பும் புள்ளியும் கலந்த சேவலிறகும் கொண்டது. அது எந்த ஒரு பூச்சியின் நகலும் அல்ல; ஆனால் மேஃப்ளை எனப்படும் நிமிர்ந்த இறக்கையுள்ள ஆற்றுப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்துகிறது. அல் ட்ராத் 1957-இல் உருவாக்கிய எல்க் ஹேர் காடிஸ், கூரைபோல் இறக்கையை மடித்து வைக்கும் காடிஸ் பூச்சியின் உருவம். எல்க் மானின் மயிருக்குள் காற்றறைகள் இருப்பதால், வெள்ளைநுரை ஓட்டத்திலும் அது மூழ்காமல் மேலே வந்து நிற்கிறது. அமைதியான நீரில் ஆடம்ஸ், கொந்தளிக்கும் நீரில் எல்க் ஹேர் காடிஸ் என்பதே இவற்றுக்கிடையிலான உண்மையான வேறுபாடு. ஒன்றை வைத்து மற்றொன்றைத் தவிர்க்க முடியாது. ஆடம்ஸில் மட்டும் ஒரு கிளைத்தேர்வு இருக்கிறது. பழைய முறையில் இறகு முள்ளைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும். உடல் நீரைத் தொடாமல் இறகுநுனிகளில் உயர்ந்து நிற்கும். பாராசூட் முறையில் இறகு ஒரு சிறு வெள்ளைத் தூணைச் சுற்றிக் கிடைமட்டமாக விரியும். உடல் பரப்புப் படலத்திலேயே படிந்திருக்கும். மேலே சொன்ன ஒளிக்குழிகளை நினைத்துப் பார்த்தால், பாராசூட்டின் தடமே உண்மையான பூச்சியின் தடத்துக்கு அருகில் இருப்பது விளங்கும். மாலை வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் தூண் நம் கண்ணுக்குத் தெரிவதும் சிறிய லாபமன்று. தன் ஃப்ளை எங்கே மிதக்கிறது என்று தெரியாதவருக்கு, கயிறு அதை இயல்புக்கு மாறாக இழுக்கத் தொடங்கிவிட்டதும் தெரியாது. மீன் அதை விழுங்கியதும் தெரியாது.

மீன் மேலே எழுகிறது, முதுகும் வாலும் தெரிகின்றன, ஆனால் மூக்கு வெளியே வரவில்லை. பரப்பில் மிதக்கும் பூச்சிகள் தொடப்படாமலே கடந்து போகின்றன. இந்த நிலைக்கு ஆடம்ஸ் உதவாது. மீன் உண்பது தோலுரித்து வெளிவரும் தறுவாயில் படலத்தில் சிக்கித் தொங்கும் பூச்சியை. ஹான்ஸ் வான் க்ளிங்கென் 1980-களில் உருவாக்கிய க்ளிங்க்ஹாமரில் வளைந்த உடல் நீருக்குள் இறங்கித் தொங்கும். இறகும் தூணும் மட்டும் மேலே நிற்கும். இதைப் பாராசூட் ஆடம்ஸுக்கு மாற்றாக வைக்கலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரே அளவில் மூன்று மட்டும் எடுத்துக்கொண்டு துணையாக வைப்பதே சரி என்பது என் முடிவு. சிறிய அளவுகளில் இரண்டின் நிழலுருவமும் நெருங்கிவிடுகின்றன. மிட்ஜ் கூட்டத்துக்கு மயிலிறகு இழையும் புள்ளி இறகும் மட்டும் கொண்ட கிரிஃபித்ஸ் நாட் 20-ஆம் எண்ணில் இருந்தால் போதும்.

ஆனால் பெட்டியின் கனமான பகுதி இதுவாக இருக்கக் கூடாது. ட்ரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே எடுக்கிறது. ஒரு மேஃப்ளை நிம்ஃபாகப் பல மாதங்கள் ஆற்றடியில் வாழ்ந்து, இறக்கை பெற்றபின் பெரும்பாலும் ஓரிரு நாட்களே வாழ்கிறது என்பதை எண்ணினால், மீன் ஏன் அடியிலேயே பார்வையை வைத்திருக்கிறது என்பது விளங்கிவிடும். இங்கே ஒப்பிட வேண்டிய முதல் இணை ஃபெசன்ட் டெய்லும் ஹேர்ஸ் இயரும். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த ஃப்ராங்க் சாயர், ஃபெசன்ட் பறவையின் வாலிழையைச் செப்புக் கம்பியால் மட்டும் கட்டினார், நூலே இல்லை. கம்பி கட்டும் பொருளாகவும், மூழ்கச் செய்யும் எடையாகவும், உடலின் நிறமாகவும் ஒருங்கே வேலை செய்கிறது. ஒல்லியான அந்த உருவம் நீந்தும் மேஃப்ளை நிம்ஃப்களுக்கு மிகப் பொருத்தம். முயல்காது மயிரால் ஆன ஹேர்ஸ் இயரோ பருத்தது, சிலிர்த்தது. கல்லைப் பற்றி ஊரும் நிம்ஃப்களையும் காடிஸையும் ஸ்டோன்ஃப்ளை எனப்படும் பூச்சியின் சிறு வகைகளையும் அது ஒரே நேரத்தில் நினைவூட்டுகிறது. தெளிந்து மெல்ல ஓடும் நீருக்கு முன்னதையும், கலங்கிய அல்லது கரடுமுரடான நீருக்குப் பின்னதையும் கட்டுவேன். 16-ஆம் எண்ணும் அதற்குச் சிறியதும் ஃபெசன்ட் டெய்லாக, 14-உம் அதற்குப் பெரியதும் ஹேர்ஸ் இயராக இருப்பது நல்ல பங்கீடு.

எந்த வடிவம் என்பதைவிட எவ்வளவு எடை என்பதே நிம்ஃபில் பெரிய கேள்வி. ஒரு மீட்டர் ஆழத்தில் மீன் நிற்கும்போது, அரை மீட்டருக்கு மேல் இறங்காத ஃப்ளை எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும் மீனின் தலைக்கு மேலே போய்விடும். தலையில் கோக்கும் மணி பித்தளையாக இருக்கலாம், டங்ஸ்டனாக இருக்கலாம். பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 8.5 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3 கிராம். ஒரே பருமனில் இரு மடங்குக்கு மேல் எடை கிடைக்கிறது என்பதால், ஃப்ளையைப் பெரிதாக்காமலே ஆழத்துக்கு அனுப்ப முடிகிறது. அதற்காக எல்லாவற்றையும் டங்ஸ்டனாக்கிவிடலாமா என்றால், கூடாது. முழங்கால் ஆழ ஓட்டத்தில் டங்ஸ்டன் மணி இரண்டு நொடியில் அடியைத் தொட்டுக் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். அங்கே பித்தளையும், அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் மணியே இல்லாத சாயர் முறையும்தான் மீனின் கண்மட்டத்தில் மிதந்து செல்லும். ஆகவே ஒரே ஃபெசன்ட் டெய்லை மணியில்லாமல், பித்தளையுடன், டங்ஸ்டனுடன் என மூன்று விதமாக வைத்திருப்பது, மூன்று வேறு பெயருள்ள நிம்ஃப்களை வைத்திருப்பதைவிடப் பயனுள்ளது. ஆழமும் வேகமும் ஒன்றுசேர்ந்த இடத்துக்கு மட்டும் ஸ்பெயினிலிருந்து பரவிய பெர்டிகோன் தேவைப்படும். அதன் உடலில் இழையோ மயிரோ இல்லை. வழுவழுப்பான பூச்சு மட்டுமே. நீரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் அது நேராக இறங்கிவிடுகிறது.

எடையை ஃப்ளையில் வைக்காமல், அதற்கு ஒரு சாண் மேலே, கயிற்றின் மெல்லிய நுனியிழையான டிப்பெட்டில் சிறு எடைமணிகளைக் கடித்து வைப்பது இன்னொரு வழி. ஒரே ஃப்ளையை எல்லா ஆழத்துக்கும் பயன்படுத்தலாம், பெட்டியில் இடம் மிச்சம் என்பது இதன் நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடைக்கும் ஃப்ளைக்கும் இடையில் கயிறு தொய்ந்துவிடுவதால், மீன் மெல்லத் தொட்டு விடுவது கைக்குத் தெரியாமலே போகிறது. அந்த வழியைத் தேர்ந்தாலும் ஈயம் வேண்டாம். நீர்ப்பறவைகள் அதை விழுங்கி நஞ்சேறி இறந்ததால்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1987 முதல் சிறிய ஈய எடைகள் தடை செய்யப்பட்டன. தகரத்தில் அதே வேலை நடக்கும்.

மிட்ஜின் இளம்பருவத்துக்கு, கறுப்பு நூலும் வெள்ளிக் கம்பியும் சுற்றிய ஸீப்ரா மிட்ஜ் 18-இலும் 20-இலும் இருக்கட்டும். ஆண்டின் எந்த மாதத்திலும் ஆற்றில் இருக்கும் பூச்சி அது. இவ்வளவு சிறிய ஃப்ளையைத் தேர்ந்தவர் அதற்கேற்ற டிப்பெட்டையும் எடுத்துவைக்க வேண்டும். முள்ளின் எண்ணை மூன்றாலோ நான்காலோ வகுத்தால் ஏறத்தாழ டிப்பெட்டின் தடிமனைக் குறிக்கும் எக்ஸ் எண் வரும் என்பது வழக்கமான கணக்கு. 16-ஆம் எண்ணுக்கு 0.15 மி.மீ. தடிமனுள்ள 5எக்ஸ் பொருந்தும்; 20-க்கு 0.13 மி.மீ. அளவிலான 6எக்ஸ் வேண்டும்.

சிறு மீன் போன்ற உயிர்களை நினைவூட்டும் பெரிய ஃப்ளைகளான ஸ்ட்ரீமர்களில் அதிகம் தயங்க வேண்டியதில்லை. ரஸ்ஸல் ப்ளெஸ்ஸிங் 1967-இல் கட்டிய வூலி பக்கரின் வாலிலுள்ள மராபூ இறகு, சும்மா நிறுத்தி வைத்தாலும் நீரில் உயிருள்ளதுபோல் அசையும். அதை மீன் அட்டையாக எடுக்கிறதா, சிறு மீனாக எடுக்கிறதா, நண்டினமாக எடுக்கிறதா என்பதை அதுவே தீர்மானிக்கட்டும். பாப் க்ளவுசரின் க்ளவுசர் மின்னோ, கனமான கண்களால் முள் மேல்நோக்கித் திரும்பி நீந்துவதால் அடியில் மாட்டுவது குறைவு. சிறு மீன்களைத் துரத்தும் பெரிய மீன்களுக்கு அது மேலானது. ட்ரவுட் ஆற்றுக்கு மட்டும் என்றால் கறுப்பிலும் ஆலிவ் நிறத்திலும் வூலி பக்கர் போதும். கரையிலிருந்து விழும் பூச்சிகளுக்குக் கறுப்பு எறும்பு ஒன்றே போதும். கோடையில் காற்றடிக்கும் பிற்பகலில் அதன் நேரம் வரும்.

பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு என்ற மூழ்கும் ஃப்ளையை விட்டுவிடுவதில் எனக்கு மனக்கஷ்டம் உண்டு. ஆரஞ்சுப் பட்டுநூல், ஒரே ஒரு சுற்று மென்மையான கௌதாரி இறகு. ஃப்ளை கட்டும் கலையில் இதைவிடக் குறைந்த பொருளில் இதைவிட உயிருள்ள ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆயினும் அதைக் கொண்டு செய்யும் வேலையை, மணியில்லாத ஃபெசன்ட் டெய்லை ஓட்டத்துக்குக் குறுக்கே ஊசலாடவிட்டுப் பெருமளவு செய்துவிடலாம் என்பதால் இந்தப் பெட்டியில் அதற்கு இடமில்லை.

ஒவ்வொரு அளவிலும் எத்தனை என்பதில் மூன்றுக்குக் குறையக் கூடாது. மீன் எடுக்கும் ஃப்ளை எது என்று பகல் முழுவதும் தேடிக் கண்டுபிடித்து, அந்த ஒரே ஒன்றைப் பின்னாலிருந்த மரக்கிளையில் இழந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டால், ஃபெசன்ட் டெய்ல் 12, ஹேர்ஸ் இயர் 9, பெர்டிகோன் 3, ஸீப்ரா மிட்ஜ் 6 என நிம்ஃப்கள் 30. அடியில் உரசி ஓடுவதால் அவைதான் அதிகம் தொலையும். பாராசூட் ஆடம்ஸ் 12 முதல் 18 வரை நான்கு அளவுகளில் 12, எல்க் ஹேர் காடிஸ் 14-இலும் 16-இலும் 6, க்ளிங்க்ஹாமர் 3, கிரிஃபித்ஸ் நாட் 3 என மிதப்பவை 24. வூலி பக்கர் 3, எறும்பு 3. மொத்தம் 60.

முதல் வழிக்குத் திரும்ப வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆறுகளில் கோடைத் தொடக்கத்தில் சால்மன்ஃப்ளை எனப்படும் பெரிய ஸ்டோன்ஃப்ளை கிளம்பும்போது, ஏறத்தாழ 5 செ.மீ. நீளமுள்ள அந்த ஆரஞ்சு உடலை எந்தப் பொது வடிவமும் ஈடுசெய்யாது. ஊற்று நீரால் ஓடும் தெளிந்த ஓடைகளில், பலமுறை பிடிபட்டு விடப்பட்ட மீன்களும் ஆடம்ஸைப் பார்த்து விலகிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு, அந்த மாதத்தில், அந்த ஒரு பூச்சிக்காகப் போகிறவர் அதன் நகலைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

மீதமுள்ள 12 இடங்களைக் கொண்ட ஆறாவது வரிசையை இதற்காகவே காலியாக விட்டுச் செல்கிறேன். ஆற்றில் இறங்கியதும் முழங்கால் ஆழத்தில் மூன்று நான்கு கற்களைப் புரட்டிப் பார்த்து, பாலத்தின் அடியிலுள்ள சிலந்தி வலைகளில் நேற்று எது சிக்கியது என்று பார்த்து, கிடைத்த பூச்சியை உள்ளங்கையில் என் ஃப்ளைகளின் பக்கத்தில் வைத்து அளவை ஒப்பிடுவேன். பொருந்தாமல் போனால் அதன் நீளத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு, அன்றிரவு அதே அளவில் மூன்று கட்டி, மறுநாள் காலை அந்த வரிசையில் வைப்பேன்.